சுப்பீரியர் ஏரியில் டிசம்பர் வாட்ச்

டிசம்பரில் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் வாட்சுக்கு, அதாவது கப்பலைக் கவனித்து ஓட்டும் என் முறைக்கு, ஏறியதும் நான் முதலில் பார்ப்பது இரண்டு எண்கள். ஏரித் தண்ணீர் எத்தனை டிகிரி, வெளிக்காற்று எத்தனை டிகிரி. காற்றின் வேகம், அலை உயரம், முன்னறிவிப்பு எல்லாம் அதற்கு அப்புறம்தான். தண்ணீர் 4, காற்று மைனஸ் 3 என்றால் சரி, வழக்கமான குளிர்கால இரவு. தண்ணீர் 4, காற்று மைனஸ் 20 என்றால் அந்த இரவு முழுக்க வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

பல வருடம் கடல் கப்பல்களில் இருந்துவிட்டு இங்கே வந்தவன் நான். இப்போது கனடாவின் ஏரிக்கப்பல் ஒன்றில் செகண்ட் மேட் (கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரிகளில் இரண்டாமவர்), அதாவது இரவு 12 முதல் 4 வரையிலான வாட்ச் என்னுடையது. தண்டர் பேயில் கோதுமை ஏற்றுவோம், சில நேரம் ஏரியின் மேற்கு முனைக்குப் போய் டுலூத்திலோ டூ ஹார்பர்ஸிலோ இரும்புத்தாது உருண்டைகளை ஏற்றுவோம், பிறகு ஏரியைக் கடந்து, கப்பல்களை ஏற்றி இறக்கும் சூ லாக்ஸ் நீர்க்கதவுகள் வழியாகக் கீழே உள்ள ஏரிகளுக்கு இறங்குவோம். ஊரில் ஏரி என்று சொன்னால் எதிர்க்கரை தெரியும். இங்கே பரப்பு 82,000 சதுர கிலோமீட்டர், நடுவில் போனால் எந்தப் பக்கமும் கரை கிடையாது, ஆழமான இடத்தில் 400 மீட்டருக்கும் மேல்.

அந்த ஆழத்தில்தான் விஷயமே இருக்கிறது. நல்ல தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியோடு இருக்கும். இலையுதிர் காலத்தில் மேற்பரப்பு குளிரக் குளிரக் கனத்துக் கீழே இறங்கும், கீழே இருக்கும் சூடான நீர் மேலே வரும், மொத்த ஏரியும் மேலிருந்து அடிவரை 4 டிகிரியை ஒட்டி வந்து சேரும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். இவ்வளவு தண்ணீர் குளிர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் கரையில் ஆறு குளமெல்லாம் உறைந்து வண்டி ஓட்டுகிற நிலைக்கு வந்த பிறகும் சுப்பீரியரின் நடுப்பகுதி திறந்த நீராகவே கிடக்கும். அதன் மேல் ஆர்க்டிக்கிலிருந்து கனடாவின் புல்வெளிகள் வழியாகக் கிளம்பிய காற்று மைனஸ் 25-இல் வந்து இறங்குகிறது. அடியில் இருக்கும் காற்றை ஏரி சூடாக்க, அது எழும்பும். அந்த இடத்துக்கு உயரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்று கீழே இறங்கி நீர்மட்டத்தையே அடிக்கும். கரையில் 20 நாட் (ஒரு நாட் மணிக்கு 1.85 கிலோமீட்டர்) என்று சொல்லும் காற்று ஏரி நடுவில் 35 ஆக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். குளிர்காலத்தில் ஏரி கொந்தளிப்பது அது குளிர்ந்துவிட்டதால் என்று வெளியில் நினைக்கிறார்கள். உண்மையில் அது இன்னும் குளிராமல் வெதுவெதுப்பாக இருப்பதுதான் இத்தனைக்கும் காரணம்.

கூடவே அந்தக் காற்று ஏரியிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்த் தென்கரையில் பனியாகக் கொட்டும். மிச்சிகனின் கீவனா தீபகற்பத்தில் 1978-79 குளிர்காலத்தில் மட்டும் கிட்டத்தட்ட 10 மீட்டர் பனி பெய்திருக்கிறது. பனிப்பட்டை ஒன்றுக்குள், அதாவது நீளமான பட்டையாகப் பனி கொட்டும் பகுதிக்குள், கப்பல் நுழைந்தால் முன்பக்கக் கொடிமரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது, ராடார் திரையிலும் பனியின் எதிரொலி நிரம்பிவிடும். பத்து நிமிடத்தில் வெளியே வந்தால் நட்சத்திரம்.

ஏரிப்புகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். காற்று போதுமான அளவு குளிர்ந்திருந்தால் ஏரி முழுவதும் வெந்நீர் அண்டா போல ஆவி எழும்பும். சில விடியற்காலைகளில் அது பத்து மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜ் அதற்கும் மேலே இருப்பதால் எங்களுக்கு நீலவானம் தெரியும், எதிரே வரும் கப்பலின் மேற்கட்டும் புகைபோக்கியும் தெரியும், உடல் தெரியாது. ஆவி அங்கங்கே சுழன்று தூண் தூணாக நடக்கும். இவ்வளவு அழகான ஒன்றைக் கடலில் நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ஆவி எழும்பும் காலையில்தான் கப்பலின் மேல் ஐஸ் ஏறத் தொடங்குகிறது.

ஐஸ் ஏறுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கடலிலிருந்து வருகிற மேட்டுகள் இதைத்தான் குறைவாக மதிப்பிடுகிறார்கள். முன்பக்கம் அலையில் மோதும்போது தெறிக்கும் நீர், பட்ட இடத்திலேயே உறையும். உப்புநீர் உறைய மைனஸ் 1.8 வரை போகவேண்டும், இங்கே பூஜ்யமே போதும். அதோடு கடல் ஐஸுக்குள் உப்புநீர் துளித்துளியாகச் சிக்கியிருப்பதால் அது ஓரளவு இளகலாக இருக்கும். ஏரி ஐஸ் கண்ணாடி. மரச்சுத்தியலால் அடித்தால் சுத்தியல்தான் திரும்பி வரும். மணிக்கு 2 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் ஏறும் என்று எதிர்பார்த்தால் அமெரிக்க வானிலைச் சேவை கடும் உறைதெறிப்பு எச்சரிக்கை கொடுக்கும். எங்கள் டெக் நீளம் 220 மீட்டருக்கு மேல், அகலம் 23-க்கு மேல். அதன்மேல் ஒரே சீராக ஒரு சென்டிமீட்டர் படிந்தால் ஏறக்குறைய 45 டன். ஒரே சீராகப் படியாது என்பதுதான் சிக்கல். முன்பக்கத்திலேயே குவியும், மூக்கு தாழும், தாழ்ந்த மூக்கு இன்னும் அதிகமாகத் தண்ணீரை வாரும்.

சிறிய மீன்பிடிப் படகை இந்த எடை கவிழ்த்துவிடும். 25,000 டன் சரக்கோடு போகும் கப்பலை இது கவிழ்க்காது என்பதும் உண்மை, அதனால்தான் சிலர் அலட்சியமாக இருக்கிறார்கள். எங்கள் பயம் வேறு. நங்கூரம் அதன் குழாயோடு சேர்ந்து உறைந்துவிடும். திறந்த ஏரியில் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் சில மணி நேரத்தில் சூ லாக்ஸ் இருக்கும் செயின்ட் மேரீஸ் ஆற்றுக்குள் நுழையப் போகிறோம், குறுகிய கால்வாய், இரண்டு பக்கமும் பாறை, எஞ்சின் நின்றால் கையில் இருக்கும் ஒரே பிரேக் நங்கூரம். சங்கிலியைப் பிடித்திருக்கும் பிரேக்கை விடுவித்ததும் நங்கூரம் விழவேண்டும். அதனால் ஆற்றுக்கு முன்னால் உள்ள வைட்ஃபிஷ் விரிகுடாவின் ஒதுக்குக்குள் (காற்று அதிகம் அடிக்காத பகுதிக்குள்) வந்ததும் முதல் வேலை, நீராவிக் குழாயும் கோடாரியுமாக முன்பக்கம் போய் இரண்டு நங்கூரத்தையும் விடுவித்து, கொஞ்சம் இறக்கிப் பார்த்து, மறுபடி ஏற்றித் தயாராக வைப்பது.

எங்கள் போசன் (டெக் ஆட்களின் தலைவர்) நியூஃபவுண்ட்லாந்துக்காரர், என்னைவிட மூத்தவர். காற்றோடு சேர்த்துக் குளிர் மைனஸ் 40 என்று உணரப்படும்போது திறந்த தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறையத் தொடங்கும். அவர் பையன்களை எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே அனுப்பிவிடுவார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். "இன்னும் ரெண்டு அடி அடிச்சா முடிஞ்சிரும்" என்று ஒரு பையன் கெஞ்சினாலும் விடமாட்டார். "ஐஸ் எங்கயும் போயிடாது, உன் விரல் போயிடும்" என்பார். அவரிடம் நான் கற்றுக்கொண்டது எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் கிடைக்காது.

எஞ்சின் அறையில் இருப்பவர்களின் குளிர்காலம் தனி. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுக்கும் வாயில் கூழ் ஐஸ் அடைத்துக்கொள்ளும். தண்ணீருக்கு நடுவில் இருந்துகொண்டே தண்ணீர் கிடைக்காமல் எஞ்சின் சூடேறும். வெந்நீரைத் திருப்பி அந்த வாய்க்கே விட்டு உருக்குவார்கள். காலியாக மேலே ஏறிவரும் பயணங்களில் கப்பலை நிலைப்படுத்தத் தண்ணீர் நிரப்பும் பல்லாஸ்ட் தொட்டியின் ஓரங்கள் உறையாமல் பார்த்துக்கொள்வது இன்னொரு தலைவலி.

இந்த ஏரியின் விபத்து என்றால் எல்லோரும் 1975 நவம்பர் 10-இல் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலைத்தான் சொல்வார்கள். சொல்லவேண்டியதுதான். ஆனால் குளிரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது மட்டாஃபா. 1905 நவம்பர் 28, டுலூத் கால்வாய்க்குள் நுழைய முயன்று அதன் வாயில் உள்ள அணைச்சுவரில் மோதி, கரைக்கு மிக அருகில் தட்டி உடைந்த கப்பல். ஊரே கரையில் தீ மூட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது, அலை காரணமாக அன்று இரவு யாராலும் போய்ச் சேர முடியவில்லை. ஒன்பது பேர் செத்தார்கள், குளிரில். 1927 டிசம்பரில் காம்லூப்ஸ் என்ற கப்பல் ஐல் ராயல் தீவருகே காணாமல் போனது. அதில் சிலர் உயிரோடு கரை ஏறியிருக்கிறார்கள், ஆளில்லாத கரை, அடுத்த வசந்தத்தில்தான் உடல்கள் கிடைத்தன. கப்பல் 1977-இல் கண்டுபிடிக்கப்பட்டது. புயலில் தப்பியவர்களைக் குளிர் கொண்டுபோன கதைகள் இவை. உயிர்காப்பு உடையை வாரம் தவறாமல் எடுத்து ஜிப்புக்கு மெழுகு தேய்த்து வைக்கச் சொல்லி நான் பையன்களை நச்சரிப்பது இதனால்தான்.

வடமேற்குப் புயல் வந்தால் வழக்கமான பாதையை விட்டுக் கனடாவின் வடகரையை ஒட்டிப் போவோம். கரை காற்றைத் தடுக்கும், அலை வளர இடம் இருக்காது. தூரம் கூடும், பரவாயில்லை. ஆனால் மிச்சிபிகோட்டன் தீவைத் தாண்டித் தெற்கே திரும்பியதும் ஒதுக்கு முடிந்துவிடும், ஏரியின் முழு நீளமும் ஓடிவந்த அலை பக்கவாட்டில் அடிக்கும். ஃபிட்ஸ்ஜெரால்டும் வடக்குப் பாதையில்தான் வந்தது, காற்று வடமேற்குக்குத் திரும்பிய பிறகு இந்தக் கிழக்குப் பகுதியில்தான் மாட்டியது. வடகரை காப்பாற்றும் என்று யாராவது சொன்னால் நான் உடனே மறுப்பேன். அது நேரம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தை வைத்து நிற்பதா போவதா என்று முடிவெடுக்க வேண்டும்.

நிற்பது லேசான முடிவு கிடையாது. டிசம்பர் கடைசியிலோ ஜனவரித் தொடக்கத்திலோ ஏரிகளைக் கடலோடு இணைக்கும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி மூடும், கொஞ்சம் பொறுத்து வெல்லண்ட் கால்வாய், ஜனவரி 15-இல் சூ லாக்ஸ், பிறகு மார்ச் 25 வரை திறக்காது. ஒவ்வொரு நாளும் அலுவலகத்திலிருந்து எப்போது புறப்படுகிறீர்கள் என்று கேள்வி வரும். கேட்பவர்களையும் குறை சொல்ல முடியாது, சரக்கு ஆலைக்குப் போய்ச் சேரவேண்டும். எங்கள் கேப்டன் இதற்கெல்லாம் குரல் உயர்த்தமாட்டார். வானிலைப் படத்தையும் நாங்கள் எழுதிவைத்த வெப்பநிலைகளையும் சேர்த்து அனுப்பி, "நிற்கிறோம்" என்று ஒரு வரி எழுதுவார். நல்ல கேப்டனுக்கு என் அளவுகோல் அந்த ஒரு வரிதான்.

வெப்பநிலையை எழுதிவைப்பது என்றேனே, அதில் எனக்குப் பிடிவாதம் அதிகம். ஏரி நடுவில் இருக்கும் அமெரிக்க, கனடிய மிதவைக் கருவிகளை ஐஸ் நசுக்கிவிடும் என்று இலையுதிர் கடைசியில் கரைக்கு எடுத்துவிடுவார்கள். புயல்கள் வலுக்கும் நேரத்தில் ஏரிக்குக் கண் போய்விடுகிறது. ஸ்டானர்ட் ராக் கலங்கரை விளக்கம் மாதிரி சில இடங்களில் தானியங்கிக் கருவிகள் இருக்கின்றன, மற்றபடி கப்பல்கள் அனுப்பும் தகவல்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அனுப்பவேண்டும், அதில் ஒன்று இரவு 1 மணிக்கு, என் வாட்சில். பனிப்பட்டைக்குள் ராடாரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று தோன்றும்தான். போன முறை எழுதிய எண்களையே மறுபடி அனுப்புகிற மேட்டுகளும் உண்டு, அது எனக்குப் பொறுக்காது. எங்கள் காற்றுமானி பல மாடி உயரத்தில் இருப்பதால் அது மிதவை காட்டுவதைவிட அதிகம் காட்டும், அதையும் சேர்த்தே கணக்கில் எடுக்கவேண்டும். ஐஸ் ஏறுகிறதா, எந்த இடத்திலிருந்து, மணிக்கு எவ்வளவு தடிமன் என்பதைப் போசனிடம் கேட்டுத்தான் எழுதுவேன்.

கடந்த சீசன் கடைசியில் ஒருநாள் காரிபூ தீவுக்கு மேற்கே இறங்கிக்கொண்டிருந்தோம். முன்னறிவிப்பு சொன்னதைவிடக் காற்று முன்கூட்டியே குளிர்ந்துவிட்டது, சாயங்காலம் மைனஸ் 9 இருந்தது என் வாட்சில் மைனஸ் 19. 1 மணித் தகவலை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் தண்டர் பேயில் கோதுமை ஏற்றி முடித்திருந்த இன்னொரு கப்பலின் மேட் வாட்ஸ்அப்பில் கேட்டார், "எப்படி இருக்கு அங்க?" முன்பக்க வின்ச் (கயிறு இழுக்கும் இயந்திரம்) இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடுதான் தெரிந்தது, அதைப் படம் எடுத்து இரண்டு வெப்பநிலைகளோடு அனுப்பினேன். அவர் கேப்டனை எழுப்பிக் காட்டியிருக்கிறார். அவர்கள் தண்டர் பே விரிகுடாவின் வாயில் உள்ள தண்டர் கேப்புக்கு உள்பக்கமே நங்கூரம் போட்டு நின்றுவிட்டு, காற்று தணிந்த பிறகு புறப்பட்டு, எங்களுக்கு ஒன்றரை நாள் பின்னால் சூ லாக்ஸ் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் டெக்கில் ஐஸே இல்லை. நாங்கள் அதற்குள் அடுத்த துறைமுகத்தில் நீராவி வைத்துச் சரக்கறைகளின் ஹேட்ச் மூடிகளை உருக்கிக்கொண்டிருந்தோம்.