வரிசையில் ஏழாவது ஆள்

அப்பாவின் பச்சை அட்டை, அதாவது அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தது. தபால்பெட்டியைத் தினம் மூன்று முறை திறந்து திறந்து அதன் கீலே தேய்ந்துபோன சமயத்தில், பீட்ஸா தள்ளுபடிச் சீட்டுக்கும் பல் டாக்டர் விளம்பரத்துக்கும் நடுவே ஒரு வெள்ளை உறை. அம்மாவுடையது முதல் நாளே வந்துவிட்டது. அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அலமாரியில் பெருமாளுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் குடியேற்றியிருந்தாள்.

உறையைப் பிரிக்க அப்பா என்னை விடவில்லை. கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, ஓரத்தை நூல் பிடித்தாற்போல் வெட்டி, அட்டையை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்கருகே வைத்துப் பார்த்தார். முப்பத்து மூன்று வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்த மனிதர். டீக்கடையில் பால் டம்ளரையும் இப்படித்தான் பார்ப்பார். கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கும்பிடுவார்.

"நம்ம பழைய ரேஷன்ல பச்சை அட்டைன்னா அரிசி உண்டு. வெள்ளை அட்டைக்குத்தான் சர்க்கரை" என்றார். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து இது நாற்பதாவது தடவை. யாரும் சிரிக்கவில்லை. அடுத்ததாகக் கேட்டதற்குத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தம்பி, நான் எப்பப் பொறந்தேன்?"

எழுபத்தேழு வயது. மறதி நோயின் பத்து அறிகுறிகள் என்று குடும்ப வாட்ஸப்பில் பெரிய அத்தை முந்தின வாரம்தான் போட்டிருந்தார். "ஏப்ரல் ஏழுப்பா. 1948" என்றேன், குழந்தைக்குச் சொல்வதுபோல.

"அது எனக்குத் தெரியும்டா. இவன் ஜூலை நாலுன்னு போட்டிருக்கான்."

வாங்கிப் பார்த்தேன். 04 ஜூலை 1948. மாதத்தை எழுத்தில் அச்சடித்திருந்ததால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதே அட்டையில் காலாவதித் தேதி மட்டும் முழுக்க எண்ணில், மாதம் முன்னால், நாள் பின்னால். பிறந்ததற்கு ஒரு முறை, காலாவதியாவதற்கு வேறு முறை.

இந்த நாட்டின் மைலையும் பவுண்டையும் ஃபாரன்ஹீட்டையும் நான் பொறுத்துக்கொண்டேன். மாதத்தைத் தூக்கி முன்னால் போடும் பழக்கம் மட்டும் பதினேழு வருஷமாகியும் உடம்பில் ஒட்டவில்லை. எங்கள் சமையலறை அலமாரியிலேயே இரண்டு நாட்காட்டிகள் ஓடுகின்றன. எங்கள் எடிசன் ஊரில், இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய சாம்பார்ப் பொடியில் 08/05 என்றிருந்தால் அது மே மாதமே செத்துப்போனது. இந்த ஊர் பிஸ்கட் டப்பாவில் அதே 08/05 என்றிருந்தால் ஆகஸ்ட் வரை ஆயுசு கெட்டி. வீட்டம்மா சந்தேகத்தின் பேரில் தூக்கிப் போடுவாள், அம்மா குப்பைக்கூடையிலிருந்து மீட்டு ரசம் வைப்பாள். எங்கள் கல்யாண நாள் நவம்பர் ஒன்பது. பத்திரிகையில் 9/11 என்று அடித்திருக்கிறோம். அந்தப் பத்திரிகையை ஆபீஸில் ஒருமுறை காட்டினேன், அறையே அமைதியாகிவிட்டது. எனக்குப் பரிதாபப்படுகிறார்கள் என்று வீட்டம்மா எடுத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் தேதிக்கு மேல் பிறந்தவர்கள் பாக்கியசாலிகள். பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அவர்களை யாரும் கவிழ்க்க முடியாது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: வருஷத்தில் 132 நாட்கள் இப்படித் தலைகீழாகக் கூடியவை. அம்மா பிறந்தது இருபத்து மூன்றாம் தேதி. அட்டை அப்பழுக்கில்லாமல் வந்தது. "நாள் பாத்துப் பொறக்கணும்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பாவுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும். ஏனென்றால் நாள் பார்த்துப் பிறந்தவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர் அவர்தான். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் நடைமுறைக்கு வந்தது 1948 ஏப்ரல் 7. அப்பாவின் பணிப்பதிவேட்டிலும் அதே நாள், அதே வருஷம். கிணற்றில் குளோரின் போட்டே காலம் தள்ளிய ஒரு சுகாதார ஆய்வாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? வருஷா வருஷம் உலக சுகாதார தினத்தன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மைக்கைப் பிடித்து, "நானும் டபிள்யூ.ஹெச்.ஓ.வும் இரட்டைப் பிள்ளைகள்" என்றுதான் தொடங்குவார். கூட்டத்தில் பாதிப் பேர் சொட்டு மருந்துக்கு வந்த குழந்தைகள். ஜெனீவாவிலிருந்து ஒரு வாழ்த்துக் கடிதம் கூட வந்ததில்லை என்ற குறை இன்னமும் உண்டு.

ஆகவே திருத்தியாக வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒரு தேதி, அட்டையில் ஒரு தேதி என்றால் விமான நிலையத்தில் யார் பதில் சொல்வது? அட்டையை அனுப்பிய மேலிடத்தின் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பெயர் சொல்ல மாட்டேன், அடுத்த விண்ணப்பமும் அங்கேதான் போக வேண்டும். ஐ-90 என்று ஒரு படிவம் இருக்கிறது. தப்பு அவர்களுடையது என்றால் கட்டணம் கிடையாது, ஆனால் அட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும். நம்முடையது என்றால் ஆன்லைனில் 415 டாலர், காகிதத்தில் 465. இன்னொரு பக்கம், பதினெட்டு வயது நிறைந்தவர்கள் அட்டையை எப்போதும் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். தன்னோடு வைத்திருக்க வேண்டியதைத் தபாலில் போடுவது எப்படி என்று நான் குழம்பிக்கொண்டிருக்க, "நானும் தபால்பெட்டிக்குள்ளயே உக்காந்துக்குறேன்" என்றார் அப்பா.

போன் செய்தேன். ஒரு பெண் குரல், ஆனால் மனுஷி இல்லை. என்ன வேண்டும், சுருக்கமாகச் சொல் என்றது. பிறந்த தேதி தப்பு என்றேன். முகவரி மாற்ற வேண்டுமா என்றது. பிறந்த தேதி என்றேன். முகவரி மாற்றத்துக்கு என்று ஆரம்பித்தது. நாலாவது முறை நான் கத்திய கத்தலில் மாடியிலிருந்து சின்னது இறங்கி வந்தாள். போனை வாங்கி, மூக்கால் ஒரே ஒரு வாக்கியம். உடனே புரிந்துகொண்டு, காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டது. இத்தனை வருஷம் வரி கட்டி, குடியுரிமைப் பரீட்சை எழுதி, கொடிக்கு முன்னால் கை தூக்கிச் சத்தியம் செய்தவன் பேசினால் புரியவில்லை. பதினோரு வயதுப் பெண் பேசினால் புரிகிறது.

பாட்டு முப்பத்தைந்து நிமிஷம் ஓடியது. அதுவரை வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த வீட்டம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீங்க அனுப்புன ஃபார்மோட காப்பி இருக்கா?"

"அது எதுக்கு இப்ப?"

"சும்மா பாருங்களேன்."

பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் இந்த 'சும்மா பாருங்களேன்' ஒருமுறை கூட எனக்கு நல்லதாக முடிந்ததில்லை. மூன்று படிவங்கள். முதலாவதில் 04/07/1948. இரண்டாவதில் 04/07/1948. மூன்றாவதில், அட்டைக்கென்றே போடும் அந்தப் படிவத்தில், என் கையெழுத்தில், கறுப்பு மையில், முத்து முத்தாக 07/04/1948. மாதம், நாள், வருஷம் என்று கட்டத்தின் பக்கத்திலேயே எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதை நிரப்பியது ராத்திரி ஒன்றரை மணிக்கு. அந்த நேரத்தில் நான் எடிசன்காரன் இல்லை, தஞ்சாவூர் ஜில்லாக்காரன்.

போனை வைத்துவிட்டேன். மேலிடத்தைப் பற்றி மூன்று நாளாக நான் உதிர்த்த சொற்களை வீட்டம்மா ஒவ்வொன்றாக எனக்குத் திருப்பிக் கொடுத்தாள். ஒன்றைக்கூட மறக்கவில்லை.

"அவசரப்பட்டுப் பணத்தக் கட்டிராத" என்றார் அப்பா. காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ஜூலைன்னே வச்சுக்க. 2006 ஏப்ரல் முப்பது சாயங்காலம் மாலையப் போட்டு வீட்டுக்கு அனுப்புனானுங்க. அம்பத்தெட்டு முடிஞ்சிருச்சுன்னு. ஜூலைன்னா ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் நான் சர்வீஸ்ல இருந்திருக்கணும். மூணு மாச சம்பளம் பாக்கி. இந்த அட்டைய வச்சுக் கருவூலத்துக்கு ஒரு மனுப் போட்டா என்ன? அமெரிக்காக்காரனே சொல்லிட்டான்னு எழுதலாம்."

மனுவின் முதல் பத்தியை எழுதியும்விட்டார். 'பொருள்' என்று போட்டு அடிக்கோடு இழுத்திருந்தார். அரை மணி நேரம் கழித்துச் சமையலறைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, மாத்திரு, மாத்திரு. எண்பது வயசானா அடிப்படை ஓய்வூதியத்துல இருபது சதவீதம் கூடுதல். ஏப்ரல்னா 2028 ஏப்ரல்லயே வந்துரும். ஜூலைன்னா மூணு மாசம் தள்ளிப் போயிரும். நம்ம பழைய தேதிதான் நல்லது."

"415 டாலர்ப்பா."

"நம்ம பணத்துக்கு?"

"முப்பத்தஞ்சாயிரம்."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஒரு தேதிக்கா? எங்கப்பா இந்தத் தேதிய ஒரு சீப்பு பூவம்பழத்துக்கு வாங்குனாரு."

இந்தக் கதை எனக்குப் பாதி தெரியும். 1953 ஜூன் மாதம், பள்ளிக்கூடத் திண்ணை. கையைத் தலைக்கு மேல் வளைத்து மறு காதைத் தொட வேண்டும். அப்பாவுக்கு எட்டவில்லை. ஐந்து வயது நிறையவில்லை என்று அர்த்தம். தாத்தா பழத்தைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தார். "தலையச் சாச்சுக்க" என்றாராம் வாத்தியார். எட்டிவிட்டது. பள்ளி திறக்கும் முன்னால் ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால் ஏப்ரல். இதுவரைதான் எனக்குத் தெரிந்தது. ஏழாம் தேதி எப்படி வந்தது என்று கேட்டேன்.

"வரிசைல நான் ஏழாவது ஆள்."

முன்னால் நின்றவர் ஏப்ரல் ஆறு. பின்னால் நின்றவர் எட்டு. பதினாலாவதாக நின்றவர் இன்றைக்கும் தமிழ்ப் புத்தாண்டு அன்று பிறந்த நாள் கொண்டாடுகிறார். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டா முப்பத்து மூன்று வருஷம் மைக்கில் ஜெனீவாவோடு சொந்தம் கொண்டாடினார் இந்த மனிதர்?

"அப்ப நெசமா எப்பப்பா பொறந்தீங்க?"

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இதை நான் கேட்பது இதுதான் முதல் தடவை.

"ஆனி மாசம். தேதியெல்லாம் யாரு எழுதி வச்சா? வாய்க்கால்ல புதுத்தண்ணி வந்த அன்னைக்குன்னு ஆத்தா சொல்லும். தண்ணி வருதுன்னு எல்லாரும் கரைக்கு ஓடிட்டாங்களாம். மருத்துவச்சியும்தான். அவளத் தேடிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள நான் வந்துட்டேன்."

எங்கள் ஊர் கடைமடை. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், கல்லணைக்கு வந்து, ஆறு ஆறாகப் பிரிந்து, எல்லார் வயலும் குடித்தது போக எங்கள் வாய்க்காலுக்கு எட்டும்போது ஆனி பாதிக்கு மேல் ஓடியிருக்கும். விரல் விட்டு எண்ணினேன். ஆனி இருபது என்பது ஏறக்குறைய ஜூலை நாலு. எண்ணியதை வெளியே சொல்லவில்லை. மறுநாள் 415 டாலரைக் கட்டிவிட்டேன்.

நேற்று ஜூலை நாலு, இந்த நாட்டின் சுதந்திர தினம். சின்னது எங்களைக் கேட்காமல் தாத்தாவுக்கு ஒரு கேக் செய்துவிட்டாள். எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டியிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் கொடி போட்ட ஒரு தொப்பியைக் கொண்டுவந்து அப்பா தலையில் கவிழ்த்துவிட்டுப் போனார். அப்பா அதைக் கழற்றவில்லை. ஆனால் காலையிலேயே டேப்லெட்டில் எல்லாம் தேடி முடித்திருந்தார். "இவங்க ஜனாதிபதி ரெண்டு பேரு 1826-ல இதே நாள்ல ஒண்ணா போயிருக்கானுங்க தம்பி. இன்னொருத்தன் 1831-ல. நம்ம விவேகானந்தரும் ஜூலை நாலுதான், 1902. நாளு அவ்வளவு சரியில்ல."

ராத்திரி ஒன்பதேகாலுக்குப் பூங்காவில் வாணவேடிக்கை. மடக்கு நாற்காலி, போர்வை, கொசுவத்தி சகிதம் போனோம். வானம் சிவப்பும் நீலமுமாக வெடித்தது. "இவ்வளவு புகை. ஆஸ்துமாக்காரன் கதி என்ன ஆகும்?" என்று தொப்பிக்கு அடியிலிருந்து ஆய்வறிக்கை வந்துகொண்டிருந்தது. நடுவிலேயே போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டார். அங்கே விடிந்து ஏழு மணி. சித்தப்பா டீக்கடையில் இருந்தார். வெடிச் சத்தத்தில் இருவரும் கத்திக்கொண்டார்கள்.

"தண்ணி வந்துருச்சாடா?"

"கல்லணையத் தொறந்து நாளாச்சுண்ணே. நம்ம வாய்க்காலுக்கு இன்னும் வரல. ரெண்டு நாள் ஆகும்ங்குறாங்க."

அப்பா போனை மடியில் வைத்தார்.

"அப்ப நான் இன்னும் பொறக்கல" என்று சின்னதிடம் சொன்னார். அவள் தட்டில் மிச்சமிருந்த கேக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். இரண்டு துண்டு. காலையில் சர்க்கரை 212. இனி அதற்கு ஒரு படிவம் தேட வேண்டும்.