2:20 பஸ்ஸும் எங்கள் இண்டராக்ட் கழகமும்

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 (பத்தாம் வகுப்பு மாதிரி) படிக்கும்போது, எங்கள் இடைநிலைப்பள்ளியில் இண்டராக்ட் கழகம், அதாவது ரோட்டரி சேவை அமைப்பின் மாணவர் கழகம், ஆரம்பிக்கலாம் என்று நானும் என் தோழியும் கிளம்பினோம். உயர்ந்த நோக்கம் எதுவும் கிடையாது. ஈப்போவில் ஒரு பள்ளிப் பிள்ளைகள் ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போன படங்களைப் பார்த்து வந்த ஆசைதான்.

பத்துப் பேர் சேர்ந்து பெயர் வைத்தால் கழகம் ஆகிவிடும் என்று நினைத்திருந்தோம். ஆனால் இண்டராக்ட் 12 முதல் 18 வயதுக்காரர்களுக்கானது, ஒரு ரோட்டரி கழகம் பொறுப்பேற்க வேண்டும், வருடத்துக்கு இரண்டு திட்டமாவது செய்ய வேண்டும், அதில் ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ, மற்றது பிற நாட்டாரைப் புரிந்துகொள்வதற்கு. பள்ளியிலோ ஆலோசக ஆசிரியர், கெர்தாஸ் கெர்ஜா (திட்ட அறிக்கை), தலைமையாசிரியர் கையெழுத்து எல்லாம் வேண்டும். கெர்தாஸ் கெர்ஜா மூன்று தடவை திரும்பி வந்தது, கடைசித் தடவை செலவுக் கணக்கு ஐந்து வெள்ளி உதைத்ததால். ஆலோசகராக ஒரு கணக்கு டீச்சர் கிடைத்தார், "பேருக்கு இருக்கிறேன்மா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடாதீங்க" என்ற நிபந்தனையோடு. (அந்தக் கணக்கையும் அவர்தான் சரிசெய்தார்.)

முதல் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் 41, வந்தவர்கள் 9. அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கழகம், விளையாட்டு போன்ற புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு இருப்பதால் பாதிப் பேர் அதற்காகத்தான் எழுதியிருப்பார்கள் என்று எனக்கு ஒரே கோபம். செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் படிவம் 3 பையன் ஒருவனை மறுநாள் பிடித்துக் கேட்டேன்.

"அக்கா, 2:20 பஸ்ஸை விட்டா நான் எப்படி வீட்டுக்குப் போறது? அப்பா பழம் வெட்டப் போயிருப்பாரு."

நான் இருந்தது டவுனில், தாமான் (குடியிருப்பு) வீட்டில், பள்ளிக்கு நடந்தே போய்விடுவேன். அதனால் கூட்டத்தை 2:30க்கு வைத்தபோது அது எனக்குத் தோன்றவே இல்லை. வேறு பள்ளிகளில் ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் பஸ் நேரத்தைக் கேட்டுவிடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கூட்டத்தை ஓய்வு நேரத்துக்கு மாற்றினோம், கெண்டினில், மீ கோரேங் தட்டோடு. சேவையைச் சனிக்கிழமை காலையில் தோட்டத்துக் கோவில் மண்டபத்தில் வைத்தோம். முதியோர் இல்லத் திட்டம் போயே போய்விட்டது. அந்தப் பையன்தான் சொன்னான், தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மலாய் சொல்லிக்கொடுக்கலாம் என்று. அவன் மலாயில் தேறாமல் புகுமுக வகுப்பில் (படிவம் 1க்கு முன்னால் மலாய்க்காக இருக்கும் வகுப்பு) ஒரு வருடம் இருந்துவிட்டு படிவம் 1க்கு வந்தவன், கூடப் படித்தவர்களெல்லாம் ஒரு வகுப்பு முன்னால் போய்விட்டார்கள். அவன் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்குப் புரிந்தது. நான் சொன்னால் பாதிப் பேர் கோவில் மணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ரோட்டரிக்காரர்கள் வந்து சான்றிதழ் கொடுத்த அன்று எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கப் போனோம். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. படத்தில் பாதிப் பேர் இல்லை, செயலாளராகிவிட்ட அந்தப் பையனும் சேர்த்து.