ஐஸ்லாந்தில் காரெடுத்து ஒரு சுற்று

ஐஸ்லாந்தைச் சுற்றி ஓடும் ஒன்றாம் எண் சாலையின் நீளம் சுமார் 1,320 கிலோமீட்டர். தார்ச்சாலையில் வேக வரம்பு மணிக்கு 90. இதை வகுத்துப் பார்த்துவிட்டு "நாலு நாள் தாராளம்" என்று டிக்கெட் போடுகிறவர்கள் நிறைய. அந்தக் கணக்கில் காற்று இல்லை. கோடையில் இந்தத் தீவில் பயணத்தைக் குலைப்பது பெரும்பாலும் பனி அல்ல, காற்றுதான். ஒன்பது நாள் வையுங்கள். ஏழு நாள் ஓட்டத்துக்கு, ஒரு நாள் தலைநகர் ரெய்க்யவிக்குக்கு, ஒரு நாளைக் காற்றுக்கென்று சும்மா விட்டுவிடுங்கள்.

அங்கே காற்றின் வேகத்தை நொடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் சொல்வார்கள். 15 என்று போட்டிருந்தால் நமக்குச் சின்ன எண்ணாகத் தெரியும். அது மணிக்கு 54 கிலோமீட்டர். 20 என்றால் 72. படுக்கை வைத்த வேன்களை 15க்கு மேல் சாலையில் இறக்காமல் இருப்பதே நல்லது. சிறிய காரில் 20 தாண்டினால் தங்கிய இடத்திலேயே இருங்கள். வண்டியை நிறுத்தும்போது முகப்பு காற்றைப் பார்த்து இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான், அதையும் கையால் இறுகப் பிடித்துத் திறக்க வேண்டும். பின்னாலிருந்து வீசும் காற்று கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கிவிடும். கீல் வளைந்து, பக்கத் தகடும் நசுங்கும். இந்தச் சேதத்தைப் பெரும்பாலான வாடகைக் காப்பீடுகள் ஏற்பதில்லை. தெற்குக் கரை மணல்வெளிகளில் காற்றோடு பறக்கும் மணலும் சாம்பலும் வண்டியின் பெயின்ட்டை உரசி எடுத்துவிடும். அதற்கான காப்பீடு தனி, சரளைக்கல் தெறித்துக் கண்ணாடி உடைவதற்குத் தனி. இரண்டையும் எடுப்பது வீண் செலவு இல்லை.

கோடையில் பெருஞ்சாலையை மட்டும் சுற்ற சாதாரண ஹேட்ச்பேக் போதும். எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் மலைச்சாலைகளுக்கு நாலு சக்கர இழுவை கட்டாயம். சாதாரண காரில் அங்கே போனால் காப்பீடு செல்லாது. இருவரும் ஓட்டுவதாக இருந்தால் ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருக்க வேண்டும். கியர் ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லாதவருக்கு முதல் இரண்டு நாள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பர்தான் ஆடும். அதோடு கியரும் சேர்ந்தால் தலை சுற்றும். தவறு நடப்பது நேர்ச்சாலையில் அல்ல, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும் இடப்பக்கம் திரும்பும்போதும். பக்கத்தில் இருப்பவர் அந்த இரண்டு இடத்திலும் "வலது, வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தொணதொணப்பு என்று நினைக்காதீர்கள், அதுதான் அவருடைய வேலை.

ஒற்றைத் தடப் பாலங்களில் முதலில் நெருங்கியவர் முதலில் போவது வழக்கம். இரட்டைத் தட ரவுண்டானாவில் உள்வட்டத்தில் இருப்பவருக்கே வெளியேற முன்னுரிமை. நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். விளக்கு பகலிலும் எரிய வேண்டும். 'ஆட்டோ' நிலையில் விட்டால் பல கார்களில் முன்விளக்கு மட்டும் எரியும், பின்விளக்கு எரியாது. கையால் முழுசாகத் திருப்பிவிடுங்கள். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும், சரளை மேல் ஏறிய பிறகு பிரேக் அடித்தால் வண்டி வழுக்கும். சாலைக்கு ஒரு பக்கம் தாய் ஆடும் மறுபக்கம் குட்டியும் நின்றால், குட்டி கட்டாயம் குறுக்கே ஓடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கே போகும்போது மேப் செயலி உங்களை ஓக்சி என்ற 939ஆம் எண் கணவாய் வழியே திருப்பப் பார்க்கும். அறுபது கிலோமீட்டருக்கு மேல் மிச்சம்தான். ஆனால் அது செங்குத்தான சரளைச் சாலை, மூடுபனி இறங்கினால் முன்னால் எதுவும் தெரியாது. கடலோரம் சுற்றிக்கொண்டே போங்கள், மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்நுழைந்திருக்கும் அந்த ஃபியோர்டுகளைப் பார்க்கத்தானே வந்தது.

பெட்ரோல் பங்குகளில் பலவற்றில் ஆள் கிடையாது. கார்டைச் செருகி நாலு இலக்க ரகசிய எண்ணை அழுத்த வேண்டும், வெறும் கையெழுத்து கார்டு உதவாது. இந்தியக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் கிளம்புமுன்பே திறந்து வையுங்கள். கிழக்கிலும் வடகிழக்கிலும் டேங்க் பாதிக்கு வந்ததும் நிரப்பிவிடுங்கள்.

பார்க்க வேண்டியவற்றில் தெற்குக் கரைக்குத்தான் அதிக நேரம் தேவை. செல்யாலன்ட்ஸ்ஃபோஸ் அருவியின் பின்னால் நடந்து போகலாம், மழைக்கால்சட்டை இல்லாமல் போனால் உள்ளாடை வரை நனையும். ரெய்னிஸ்ஃபியாரா கருமணல் கடற்கரையில் அலைகளுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். பத்து அலை சாதுவாக வந்துவிட்டு, அடுத்தது ஆளையே இழுத்துப் போகும். அங்கே உயிர்ச்சேதம் நடந்திருக்கிறது. மேலும் கிழக்கே, 1996இல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய வெள்ளம் ஒரு பாலத்தையே அடித்துப் போனது. முறுக்கிய இரும்பு உத்தரங்களை சாலையோரமே நினைவாக வைத்திருக்கிறார்கள். 1974இல்தான் இந்த மணல்வெளிக்குப் பாலங்கள் வந்து சுற்றுச்சாலை முழுமையானது என்பதை அங்கே நின்று நினைத்துப் பார்க்கலாம். யோகுல்சார்லோன் பனிக்கட்டி ஏரிக்கு மாலையில் போங்கள், ரெய்க்யவிக்கிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்பும் பேருந்துகள் அதற்குள் கிளம்பியிருக்கும். ஜூனில் இரவு இருட்டுவதே இல்லை, அவசரம் வேண்டாம். தூங்கக் கண்மூடி வேண்டும்.

வடக்கே டெட்டிஃபோஸ் அருவிக்கு மேற்குக் கரைச் சாலை, 862, முழுக்கத் தார். எதிர்க்கரைச் சாலை சரளை. மீவட்ன் ஏரியின் பெயரே 'கொசு போன்ற சிறு பூச்சிகளின் ஏரி' என்ற பொருளில்தான். கடிப்பதைவிட மூக்கிலும் காதிலும் நுழைவதுதான் தொல்லை, தலைக்கு வலை வாங்கிக்கொள்ளுங்கள். அகுரேரி ஊருக்கு அருகில் உள்ள வாட்லாஹெய்தி சுரங்கத்தில் வசூல் சாவடி கிடையாது. நாமே இணையத்தில் கட்டணம் கட்ட வேண்டும். விட்டால் வாடகை நிறுவனம் தன் கட்டணத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

சாப்பாடு விலை கூடுதல், அதனால் சமையலறை உள்ள தங்குமிடமாகப் பாருங்கள். மஞ்சள் பலகையில் பன்றிப் படம் போட்ட போனுஸ் கடையில் காய்கறி, அரிசி, ரொட்டி எல்லாம் கிடைக்கும். இந்தியாவிலிருந்து பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் கொண்டு போகலாம். இறைச்சியும் பால் பொருளும் கூடாது, நெய்யும் பால் பொருள்தான். அட்டைப்பெட்டியில் 'நீம்யோல்க்' என்றிருப்பதுதான் பால். அதே அளவு பெட்டியில் பக்கத்திலேயே இருக்கும் 'ஸூர்ம்யோல்க்' புளித்த பால், காபியில் ஊற்றினால் திரிந்துவிடும். ஆனால் மோர்சாதத்துக்கு அதைவிடப் பொருத்தமாக அங்கே வேறொன்றும் கிடையாது. ஸ்கிர் என்ற கெட்டித் தயிரை வாங்கினால் 'ஹ்ரேய்ந்த்' என்று எழுதியதைப் பாருங்கள், மற்றதெல்லாம் இனிப்பு. குழாயில் வரும் வெந்நீரில் பல ஊர்களில் கந்தக வாடை அடிக்கும். குளிக்கச் சரி, சோற்றுக்கும் காபிக்கும் குளிர்நீர்க் குழாயைத்தான் திறக்க வேண்டும். பாட்டில் தண்ணீர் வாங்குவது சுத்த வீண்.

வெளியே சாப்பிட ஆட்டுக்கறி சூப்பு நல்ல தேர்வு, பல இடங்களில் இரண்டாம் முறையும் ஊற்றுவார்கள். உருளைக்கிழங்கோடு மசித்த மீன், 'ப்ளோக்ஃபிஸ்குர்', காரம் இல்லாவிட்டாலும் ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியோடு தொட்டுச் சாப்பிட்டால் இறங்கும். அந்த ரொட்டியை சில ஊர்களில் வெந்நீர் ஊற்றுப் பக்கம் மண்ணில் புதைத்து ஒரு நாள் முழுக்க வேகவிடுகிறார்கள். எல்லாரும் சொல்லும் ஹாட்டாக்கில் ஆட்டுக்கறிதான் அதிகம், கூடவே மாடும் பன்றியும் உண்டு. தவிர்ப்பவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

மாலையில் ஊருக்கு ஊர் இருக்கும் பொது வெந்நீர்க் குளங்களுக்குப் போங்கள், பேர்பெற்ற சுற்றுலாக் குளங்களின் கட்டணத்தில் சின்னப் பங்குதான். ஒரே நிபந்தனை: இறங்குமுன் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை. நீரில் குளோரின் குறைவாகப் போடுவதால்தான் இந்தக் கண்டிப்பு. கூச்சமாக இருந்தால் மறைப்பு உள்ள தடுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள், பல குளங்களில் உண்டு.