ஒரே ஒரு கான்ஜி, மூணு வாரம், 12 வாசிப்பு: கடைசில தக்காளித் தொக்குதான் காப்பாத்துச்சு

ஜப்பானீஸ் கத்துக்க ஆரம்பிச்சு ஒன்பது மாசம் ஆச்சு. ஹிரகனா, கதகனான்னு ஒலியை எழுதற ரெண்டு எழுத்து வரிசையும் முதல் ரெண்டு மாசத்துல முடிஞ்சுது, அதுவரைக்கும் நமக்கு நல்லா வருதேன்னு ஒரு தெனாவெட்டு இருந்துச்சு. சீனாவுலேர்ந்து வந்த பட எழுத்தான கான்ஜி வந்ததும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பிச்சிருச்சு. அங்க ஒண்ணாங்கிளாஸ் பசங்களே 80 கான்ஜி படிக்கிறாங்க, ஆறாங்கிளாஸ் முடியறதுக்குள்ள 1026, பேப்பர் படிக்கணும்னா பொதுப் பட்டியல்ல இருக்கிற 2136ம் வேணும். அந்த முதல் 80ல ஒண்ணான '生'கிட்டதான் நான் மூணு வாரம் மாட்டிக்கிட்டேன்.

எழுதறதுக்கு ஒண்ணுமே இல்லை. இடது பக்கம் மேல சின்னதா ஒரு சாய்வுக் கோடு, மூணு படுக்கைக் கோடு, நடுவுல ஒரு நெட்டுக் கோடு, மொத்தம் அஞ்சே இழுப்பு. மண்ணைப் பொளந்துட்டு வெளிய வர்ற முளையோட படம்தான் இது, அடியில இருக்கிற கோடு தரை. ஆசிரியரைச் சொல்ற சென்செய்ங்கிற வார்த்தையில ரெண்டாவதா வர்றது இந்த எழுத்துதான், முதல் எழுத்து 'முன்னாடி', இது 'பிறப்பு', அதாவது நமக்கு முன்னாடி பிறந்தவங்க. இதைப் படிச்ச அன்னிக்கு ரொம்ப சந்தோஷமாயிட்டேன், முளை, பிறப்பு, உயிர், முடிஞ்சுது வேலைன்னு.

அப்புறம் வாசிப்பு லிஸ்ட்டைப் பார்த்தேன், இந்த ஒரே எழுத்தை எப்படியெல்லாம் உச்சரிக்கலாம்ங்கிற லிஸ்ட். செய், ஷோ, இகிரு, இகசு, இகெரு, உமரேரு, உமு, ஓவு, ஹயெரு, ஹயசு, கி, நமா. பொதுப் பட்டியல் கணக்குப்படியே 12. ஊர் பேர், ஆள் பேர்ல வர்றதெல்லாம் இதுல சேர்த்தி இல்லை.

முதல் வாரம் செஞ்ச முட்டாள்தனம்: அங்கிங்கிற ஃப்ளாஷ்கார்டு ஆப்ல ஒரே கார்டுல முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் 12 வாசிப்பையும் போட்டு வச்சேன். (அங்கின்னாலே ஜப்பானீஸ்ல மனப்பாடம்னுதான் அர்த்தம், அது தெரிஞ்சும் இப்படி.) தினமும் அந்தக் கார்டு வரும், ஏழெட்டு சொல்லுவேன், மீதி நாக்குல நிக்கும் வெளிய வராது, திரும்ப 'மறுபடி' பட்டன். ஆறு நாள் இதே கதை. ஏழாவது நாள் கார்டை டெலீட் பண்ணிட்டு, வாசிப்பே வேணாம் வார்த்தையாவே படிப்போம்னு 28 கார்டு புதுசா போட்டேன். நிலைமை கொஞ்சம் தேறுச்சு.

வார்த்தையா படிக்கும்போதுதான் தெரிஞ்சது, பாதி வாசிப்புக்கு மனப்பாடமே தேவையில்லை, வால் சொல்லிடும். எழுத்துக்குப் பின்னாடி ஹிரகனாவுல 'கிரு'ன்னு ஒட்டியிருந்தா இகிரு, வாழறது. 'மரேரு'ன்னு இருந்தா உமரேரு, பிறக்கறது. வெறும் 'எரு'ன்னா ஹயெரு, முளைக்கறது, புல்லு பல்லு மயிரு எல்லாத்துக்கும் அதேதான். நம்ம விகுதி மாதிரின்னு வச்சுக்கலாம், என்ன, தலை படமா இருக்கு வால் எழுத்தா இருக்கு. செய், ஷோ ரெண்டும் சீனாவுலேர்ந்து வேற வேற காலத்துல வந்த உச்சரிப்பு, ஷோ பழசு, பௌத்தத்தோட ஒட்டின வார்த்தைகள்ல நிறைய வரும், உயிர்களெல்லாம்ங்கிற ஷுஜோ, மறுபிறப்பு எடுக்கிற ஓஜோ இந்த மாதிரி. படிப்பு, வாழ்க்கை சம்பந்தப்பட்ட நவீன வார்த்தைன்னா பெரும்பாலும் செய்: மாணவன் கக்குசெய், வாழ்க்கை ஜின்செய்.

உதைச்சது நமா. அகராதியில 'வேகாத, பதப்படுத்தாத, நேரடியான, அரைகுறையான'ன்னு நாலு திசைக்கு இழுக்குது. இதுக்கு நடுவுல ஆன்லைன் க்ளாஸ்ல மானத்தையும் வாங்கிக்கிட்டேன். ஒரு பத்தியைச் சத்தமா படிக்கச் சொன்னாங்க, 'ஹைஸ்கூல்ல உயிரியல் படிச்சேன்'னு ஒரு வரி. இந்த எழுத்தும் 'பொருள்'ங்கிற எழுத்தும் சேர்ந்தா ரெண்டு விதமா படிக்கலாம், செய்புட்சுன்னா உயிரினம் இல்லேன்னா உயிரியல் பாடம், நமாமோனோன்னா சீக்கிரம் கெட்டுப்போற பச்சை மீன் மாதிரி சாப்பாட்டுச் சாமான். நான் நல்லா கணீர்னு "கோகோ தே நமாமோனோ வோ பென்க்யோ ஷிமாஷித"ன்னு படிச்சேன். ஹைஸ்கூல்ல கெட்டுப்போற சாமான் படிச்சேன்னு அர்த்தம். சென்செய் ரொம்ப மரியாதையானவங்க, சிரிக்கலை, மைக்கை ம்யூட் பண்ணிக்கிட்டாங்க, வீடியோவுல தோள் குலுங்கறது மட்டும் தெரிஞ்சுது.

மூணாவது வார ஞாயித்துக்கிழமை. தக்காளித் தொக்கு செஞ்சுட்டிருக்கேன், போனை அஞ்சறைப்பெட்டியில சாய்ச்சு வச்சு ஒரு கையில கரண்டி ஒரு கையில கார்டு. அம்மா எட்டிப் பார்த்துட்டு "பச்சை வாசனையே போகலையேடா, இன்னும் வதக்கு"ன்னாங்க. அந்த நேரம் பார்த்து ஸ்க்ரீன்ல நமாதமகோ, பச்சை முட்டை. கரண்டி அப்படியே நின்னுடுச்சு. அடப்பாவி, இது பச்சைடா!

அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தேன். நமாமிசு, கொதிக்க வைக்காத தண்ணி, நம்ம பச்சைத்தண்ணி. நமாகிசு, ஆறாத புதுக் காயம், பச்சைப்புண். நமாகி, வெட்டிக் காயாத மரம், பச்சை மரம். நமாயகே, சரியா வேகாதது, உள்ள பச்சையா இருக்குன்னு நாம சொல்றது. கிஇதோன்னா கச்சாப் பட்டு நூல், அங்க வாசிப்பு கி, ஆனா விஷயம் அதேதான், இன்னும் கை படாதது. பீர் கடையில உட்கார்ந்ததும் "தோரியாஎசு நமா"ம்பாங்க, முதல்ல ஒரு நமா கொடுங்கன்னு, அந்த நமா பீர்ங்கிறது சூடு காட்டாத பீர், அப்ப அதுவும் பச்சைத்தண்ணி கேஸ்தான். முளையும் பச்சை, வேகாததும் பச்சை, அகராதி நாலு திசைக்கு இழுத்ததை நம்ம ஒரு வார்த்தை ஏற்கெனவே கட்டி வச்சிருக்கு. திமிரா பேசற சின்னப் பையனை நமாஇகின்னு திட்டுவாங்க, நாம என்ன சொல்வோம், முளைச்சு மூணு இலை விடலை அதுக்குள்ள பேச்சைப் பாரு!

எல்லா இடத்துலயும் ஓடாது, அதையும் சொல்லிடறேன். லைவ் ஒளிபரப்பு நமாஹோசோ, அதைப் பச்சை ஒளிபரப்புன்னா உதைப்பாங்க. கடனேன்னு 'ம்ம்'ங்கிற பதில் நமாஹெஞ்சி, அங்கயும் பச்சை ஒட்டலை. நமாகுசைன்னா கவுச்சி வாடை, தொக்குல வர்ற பச்சை வாசனைக்கு அவங்க அஓகுசைம்பாங்க, அஓன்னா நீலம், பச்சை ரெண்டுக்கும் பொதுவான பழைய வார்த்தை. இந்தப் பக்கம் நம்ம பச்சைப் பொய்யும் அங்க செல்லாது, அவங்க பொய் செக்கச்செவேல்னு இருக்கும், மக்கா நா உசோ.

இதையெல்லாம் அடுத்த க்ளாஸ்ல தட்டுத்தடுமாறி சென்செய்கிட்ட சொன்னேன். தமிழ்ல புதுசாப் பிறந்த குழந்தையை என்ன சொல்வீங்கன்னு கேட்டாங்க, பச்சைக் குழந்தைன்னேன், 'பச்சை'ன்னா மிதோரின்னு விளக்கினேன். அவங்க ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம் மெதுவா "மிதோரிகோ"ன்னாங்க. கைக்குழந்தைக்கு ஜப்பானீஸ்ல இருக்கிற பழைய வார்த்தையாம், மிதோரி பச்சை, கோ குழந்தை. தளிர் மாதிரி இருக்கிறதால. எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துப்போச்சு, இவ்ளோ தூரத்துல இருக்கிற ரெண்டு மொழி ஒரே குழந்தையைப் பார்த்து ஒரே கலரைச் சொல்லியிருக்கு. அவங்க நோட்டுல கதகனாவுல 'பச்சை'ன்னு எழுதிக்கிட்டாங்க, 'ச்ச' ரெட்டிப்பை எப்படி எழுதறதுன்னு ஒரு தடவை அடிச்சுத் திருத்தி.

ஆள் பேர், ஊர் பேர் பக்கம் நான் போறதா இல்லை. 'இறகு'ங்கிற எழுத்தோட இது சேர்ந்தா, 2014லயும் 2018லயும் ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஸ்கேட்டிங் வீரர் யுசுருவுக்குக் குடும்பப் பேர் ஹன்யூ, 1996ல ஜப்பானீஸ் செஸ்ஸான ஷோகியோட ஏழு பட்டத்தையும் ஒரே நேரத்துல வச்சிருந்த யோஷிஹருவுக்கு ஹபு. எழுத்து ரெண்டும் அச்சு அசல் அதே. தோக்கியோ பக்கம் புஸ்ஸான்னு ஒரு ஊர், கடைசி எழுத்து இது, அங்க வாசிப்பு 'ஸ்ஸா'. பட்டு நெசவுக்குப் பேர் போன கிர்யூல 'ர்யூ'. இதுக்கெல்லாம் விதி தேடினா தலை சுத்தும், பார்க்கும்போது ஒண்ணொண்ணா தெரிஞ்சுக்கிட்டா போதும்.

இன்னிய நிலவரம்: 28ல 25 கார்டு சுத்தம். ஓவு மட்டும் இன்னும் ஏமாத்துது, வளர்ந்த கதைங்கிற ஓஇதாச்சியைத் தவிர வேற எங்கயும் அதை நான் பார்த்ததே இல்லை. செய்புட்சு, நமாமோனோ ரெண்டையும் அடுத்தடுத்த கார்டா வச்சிருக்கேன், அந்த மைக் ம்யூட் ஞாபகம் வந்து தப்பே வர்றதில்லை. நாளைலேர்ந்து 'கீழே'ங்கிற கான்ஜி, வெறும் மூணு கோடு. லிஸ்ட்டை எண்ணிப் பார்த்தேன், அதுக்கும் 12 வாசிப்பு.