மாஸ்டர் சொன்ன வைல்டிங்

நமது பழைய மாணவர் சங்க மலர்களில் கிரிக்கெட்டைப் பற்றியும் பிக் மட்ச் நாட்களைப் பற்றியும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். விடுதிக்குப் பின்னால், கிணற்றடிக்கும் மதிலுக்கும் நடுவே கிடந்த டென்னிஸ் கோர்ட்டைப் பற்றி எவரும் எழுதிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. அங்கே ஆடியவர்கள் குறைவு. செம்மண் தரை, மழை பெய்தால் ஒரு கிழமைக்கு ஆட்டமில்லை. கோடுகளைச் சுண்ணாம்பால் நாங்களே போடுவோம். றக்கெற்றுகள் பழைய மாணவர் யாரோ எப்போதோ கொடுத்துவிட்டுப் போனவை.

அந்தக் கோர்ட்டைக் கட்டிக் காத்தவர் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த மாஸ்டர். மாலையில் வெள்ளைக் காற்சட்டையோடு வந்து நிற்பார். றக்கெற்றைத் தொட முதல் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். யாராவது முணுமுணுத்தால் அவரிடமிருந்து வருவது ஒரே பெயர்தான்.

"தம்பியவை, வைல்டிங் எண்டு ஒருத்தன் இருந்தவன். கையிலை வித்தையோடை பிறந்தவனில்லை. ஓடி ஓடித்தான் நாலு தரம் விம்பிள்டன் எடுத்தவன். நீங்களும் ஓடுங்கோ."

கிறைஸ்ட்சேர்ச் நகரம் எங்கே என்று உலகப் படத்தில் காட்டச் சொல்வார். காட்டத் தெரியாதவன் இன்னும் ஒரு சுற்று ஓட வேண்டும். அந்தப் பெயர் எங்களுக்குள் இப்படித்தான் ஏறியது. லண்டன் வந்து வேலை, குடும்பம் என்று ஓடிய காலத்தில் அதை மறந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு மாஸ்டர் சொன்னவற்றைத் தேடிப் படித்தேன். அவர் சொன்னதற்கு மேலேயே இருந்தது அந்த மனிதரின் கதை.

அன்ரனி வைல்டிங் 1883 ஒக்டோபர் 31ஆம் திகதி நியூசிலாந்தில், கிறைஸ்ட்சேர்ச்சின் ஒபாவா என்ற பகுதியில் பிறந்தார். தகப்பன் பிரெடறிக் ஒரு சட்டத்தரணி. கிரிக்கெட்டும் டென்னிஸும் நன்றாக ஆடியவர். தாய் யூலியா பியானோக் கலைஞர். வீட்டு வளவுக்குள்ளேயே டென்னிஸ் கோர்ட்டும் நீச்சல் குளமும் இருந்தன. வசதியான பிள்ளை என்பதை மறைக்கத் தேவையில்லை. கன்ரபறி அணிக்காக முதல்தரக் கிரிக்கெட்டும் ஆடியிருக்கிறார். பிறகு கேம்பிறிட்ஜ் டிறினிற்றிக் கல்லூரியில் சட்டம் படிக்க வந்தார். சட்டத்தரணியாகத் தகுதியும் பெற்றார். ஆனால் மனம் முழுக்க டென்னிஸில்தான்.

டென்னிஸுக்கு அடுத்தபடி அவருக்குப் பிடித்தது மோட்டார் சைக்கிள். அந்தக் காலத்துத் தெருக்களையும் அந்தக் காலத்து இயந்திரங்களையும் நினைத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் சுற்றுப்போட்டிகளுக்கு றக்கெற்றுகளோடு மோட்டார் சைக்கிளில் போய் இறங்கும் ஆள் அவர். மொன்டி கார்லோப் பட்டத்தை மட்டும் 1908இலும், பின்னர் 1911 முதல் 1914 வரை ஒவ்வோர் ஆண்டும் வென்றார். புகைப்பதில்லை, குடிப்பதில்லை. உடம்பைப் பயிற்சியால் உருவாக்கிக்கொண்டவர் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் நோர்மன் புறூக்ஸைச் சொல்லாமல் விட முடியாது. மெல்பேர்ன்காரர், இடது கைக்காரர். பிரித்தானியாவுக்கு வெளியிலிருந்து வந்து விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை முதன்முதலில் தூக்கியவர் அவர்தான், 1907இல். பந்து எங்கே வரும் என்று எதிராளி ஊகிக்க முடியாத கை அவருக்கு. வைல்டிங் மறுபக்கம்: பின்கோட்டில் நின்று நீளமாக, பலமாக, சளைக்காமல் அடிப்பவர். இருவரும் சேர்ந்து 1907இலும் 1914இலும் விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை எடுத்தார்கள். நியூசிலாந்தும் அவுஸ்திரேலியாவும் அப்போது 'ஒஸ்ரலேசியா' என்ற ஒரே அணியாக ஆடின. 1907, 1908, 1909 மூன்று ஆண்டும் நாடுகள் மோதும் டேவிஸ் கிண்ணம் அந்த அணிக்கு. புறூக்ஸுக்கு வாய்த்த கை தனக்கு வாய்க்கவில்லை என்பதை அறிந்து, அதற்கு ஈடாக உழைப்பை வைத்தவர் வைல்டிங். மாஸ்டர் எங்களிடம் புறூக்ஸை விட்டுவிட்டு வைல்டிங்கைச் சொன்னதன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எங்களில் புறூக்ஸின் கை எவனுக்கும் இருக்கவில்லை. ஓடுவதற்குக் கால்கள் எல்லோருக்கும் இருந்தன.

1910இல் விம்பிள்டன். அந்த ஆண்டு அவர் அடிமட்டத்திலிருந்து எல்லோரையும் வென்று வர வேண்டியிருந்தது. கடைசிக்கு முந்திய தடையாக நின்றவர் அமெரிக்கர் பீல்ஸ் றைற். முதல் இரண்டு செற்றையும் 4-6, 4-6 என்று இழந்த வைல்டிங், அடுத்த மூன்றையும் 6-3, 6-2, 6-3 என்று எடுத்தார். அந்த எண்களைப் பார்த்தாலே யாருக்கு மூச்சு மிச்சம் இருந்தது என்று தெரியும். பிறகு நடப்புச் சம்பியன் ஆதர் கோரையும் வென்றார்.

அந்தக் காலத்து விதி வேறு. சம்பியன் அடுத்த ஆண்டு ஒரேயொரு ஆட்டம் ஆடினால் போதும். மற்றவர்கள் தங்களுக்குள் மோதி, வென்றவர் வந்து அவரைச் சந்திப்பார். 1922இல்தான் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. 1911இல் றோப்பர் பரெற் ஆளுக்கு இரண்டு செற் என்ற நிலையில் வெயில் தாங்காமல் ஆட்டத்தை விட்டார். 1912இல் மறுபடி கோர். இதை வைத்து வைல்டிங்கின் பட்டங்களைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு 1913ஐத்தான் காட்ட வேண்டும்.

அந்த ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து மொறிஸ் மக்லொக்லின் வந்தார். அவருடைய சேர்விஸைப் போல இங்கிலாந்து அதற்கு முன் கண்டதில்லை. 'கலிபோர்னிய வால்வெள்ளி' என்று பெயர் வைத்தார்கள். இளையவர், வேகமானவர், வைல்டிங்கின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் முட்டி மோதியது. 8-6, 6-3, 10-8. மூன்றே செற்றில் வைல்டிங் வென்றார். மூன்றாவது செற்றில் மட்டும் பதினெட்டு கேம்கள்! உடம்பு தளராதவனுக்கு மட்டும் கிடைக்கும் வெற்றி அது. அதே ஆண்டில் களிமண் தரையில் பாரிஸில் நடந்த உலகப் பட்டத்தையும், மூடிய அரங்கில் ஸ்ரொக்ஹோமில் நடந்த உலகப் பட்டத்தையும் அவரே எடுத்தார். மூன்று தரை, மூன்று பட்டம், ஒரே ஆண்டு. 1906, 1909 ஒஸ்ரலேசியப் பட்டங்களும், 1912 ஒலிம்பிக் வெண்கலமும் அதற்கு முந்தியவை.

விம்பிள்டன் என்றால் நமக்குப் பிள்ளையார் கோயில். லண்டனுக்கு வந்த நம்மவர்களில் அங்கே போகாதவர் குறைவு. கோயிலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் வோர்ப்பிள் வீதி இருக்கிறது. வைல்டிங் நான்கு முறை வென்ற விம்பிள்டன் அங்கேதான் நடந்தது. இப்போது தொலைக்காட்சியில் பார்க்கிற சேர்ச் வீதி அரங்குக்கு 1922இல்தான் மாறினார்கள். பழைய இடம் இன்று ஒரு பெண்கள் பாடசாலையின் விளையாட்டு மைதானம். பக்கத்தில் ரயில் ஓடுகிறது. எத்தனையோ வருடங்கள் அந்த வீதியால் அர்ச்சனைத் தட்டோடு போய்வந்த எனக்கு இது தெரிய வந்தபோது, மாஸ்டரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் அப்போது இல்லை.

1914இல் விம்பிள்டன் பட்டம் கைமாறியது. வென்றவர் வேறு யாருமில்லை, நண்பர் புறூக்ஸ். அவரோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தை எடுத்துக்கொண்டு வைல்டிங் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார், டேவிஸ் கிண்ணத்துக்காக. அங்கே பிற்ஸ்பேர்க்குக்கு அருகில் ஜேர்மனியோடு ஆட்டம், ஓகஸ்ட் பிறக்கும் நேரம். ஐரோப்பாவில் யுத்தம் மூண்டுகொண்டிருந்தது. யுத்தச் செய்தி தெரிந்தால் ஜேர்மன் வீரர்கள் ஆட்டத்தை விட்டுப் போய்விடுவார்கள் என்று, ஆட்டம் முடியும்வரை கழகத்தார் செய்தியை உள்ளே வர விடவில்லை. ஒஸ்ரலேசியா 5-0 என்று வென்றது. ஜேர்மனியின் ஃப்றொயிட்ஸ்ஹைமும் க்றொய்ட்சரும் ஊருக்குத் திரும்பும் வழியில் பிரித்தானியரிடம் பிடிபட்டார்கள். நேற்று வலைக்கு மேலாகக் கை குலுக்கியவர்கள்.

இறுதி ஆட்டம் நியூயோர்க்கின் பொறெஸ்ட் ஹில்ஸில். வைல்டிங் முதலில் வென்றது நொறிஸ் வில்லியம்ஸை. டைட்டானிக் மூழ்கியபோது பனிநீரில் கிடந்து உயிர் தப்பிய அதே வில்லியம்ஸ். மறுபக்கம் மக்லொக்லின் புறூக்ஸை 17-15 என்று ஒரு செற்றில் மடக்கினார். வைல்டிங்கையும் வென்று 1913க்குப் பதில் சொன்னார். ஆனாலும் இரட்டையர் ஆட்டம் புறூக்ஸ்-வைல்டிங் சோடிக்கு. கிண்ணம் 3-2 என்று ஒஸ்ரலேசியாவுக்கு.

இங்கிலாந்து திரும்பியவுடன் வைல்டிங் படையில் சேர்ந்தார். வாகனங்களை அறிந்தவர் என்பதால் கவச வாகனப் பிரிவுக்குப் போனார். கப்டன் ஆனார். 1915 மே 9ஆம் திகதி பிரான்ஸின் நேவ் சப்பெலுக்கு அருகில், பின்னேரம் ஐந்து மணிக்குச் சற்று முன், அவர் இருந்த பதுங்குகுழியின் மேல் ஷெல் விழுந்தது. பதுங்குகுழியின் மேல் ஷெல் விழுவதென்றால் என்ன என்று இந்த மலரின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவருக்கு வயது 31.

அந்தப் பகுதிக்குப் போய் வந்தேன். நேவ் சப்பெலில் இந்தியப் படைவீரர்களுக்கான நினைவிடம் இருக்கிறது; கல்லறை தெரியாத 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் பொறித்திருக்கின்றன. வைல்டிங்குக்கு றிஷ்பூர்க்கில் ஒரு கல்லறை உண்டு. எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த மரணத்திலேயே தொடங்கி இதிலேயே முடிக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. போர் அவரை எடுத்தது ஒரு மாலைப்பொழுதில். அதற்கு முன் பத்து வருடங்கள் அவர் தன்னைச் செதுக்கிய வேலை இருக்கிறதே, மாஸ்டர் சொன்னது அதை.

மாஸ்டரை நான் அவ்வளவு சந்தோசமாகப் பார்த்தது 1983 யூலை தொடக்கத்தில். கிறிஸ் லூயிஸ் என்ற நியூசிலாந்துக்காரர் விம்பிள்டன் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார். வைல்டிங் வென்று சரியாக எழுபது வருடங்கள். மாஸ்டர் றேடியோவைக் கோர்ட்டடிக்குக் கொண்டுவந்து பிபிசியைப் பிடித்தார். மக்கன்ரோ 6-2, 6-2, 6-2 என்று லூயிஸை அடித்து முடித்தார். மாஸ்டருக்குக் கவலையில்லை. "இறுதிக்கு வந்திட்டான் பாத்தியளோ, முன்னணி ஆட்டக்காரர் பட்டியலிலை இல்லாதவன்!" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த மாதக் கடைசியில் நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அந்தக் கோர்ட்டில் ஒழுங்காக ஆட்டம் நடக்கவில்லை. நாங்களும் ஒவ்வொருவராகச் சிதறினோம்.

இப்போது கல்லூரியில் அந்த இடத்தில் வாகனம் நிறுத்துகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். புதிய விளையாட்டு வசதிகளுக்குச் சங்கம் பணம் சேர்க்கிற இந்த நேரத்தில், கிரிக்கெட் வலைகளோடு ஒரு டென்னிஸ் கோர்ட்டையும் பட்டியலில் சேர்க்கும்படி செயற்குழுவை உரிமையோடு கேட்கிறேன். பெரிய செலவில்லை. செம்மண் தரையே போதும், கோட்டைப் பிள்ளைகளே போடுவார்கள். கோர்ட் அமைந்தால் மாஸ்டரின் பெயரை வைக்கலாம். அவருடைய மாணவர்களில் என்னோடு சேர விரும்புகிறவர்கள் சங்கச் செயலாளரிடம் சொல்லி வையுங்கள். முதல் பங்கு என்னுடையது.