பிஸ்கட் டின்னுக்குள் இருந்த கொலஸ்ட்ரோல் குளிசைகள்

போன வருடம் ஒன்பது கிழமையாக என் கொலஸ்ட்ரோல் குளிசையை ஒருவருக்கும் சொல்லாமல் நிறுத்தி வைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கியதை வீச மனம் வரவில்லை. அட்டைகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி அலுமாரிக்கு மேலே வைத்தேன். இரவில் என் கணவர் "குளிசை போட்டாச்சோ?" என்று கேட்பார். "ஓம்" என்பேன்.

எனக்கு இப்போது 59 வயது. 50இல் மாதவிடாய் நின்றது. அதுவரை கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் எப்போதும் ஒழுங்காகத்தான் வரும். பிறகு சாப்பாட்டில் ஒரு மாற்றமும் இல்லாமலே ஏறத் தொடங்கி, 56 வயதில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் 182இல் வந்து நின்றது. டொக்டர் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம் தந்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்தால் கெட்ட கொலஸ்ட்ரோல் கூடும் என்று விளக்கினார். அதே ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பும் கரையும், அதுவும் மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில்தான் வேகமாகக் கரையும் என்பதை அன்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம் 84 வயதான என் அம்மா குளியலறையில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்து கட்டிலில் கிடந்தவரைப் பார்க்க, கனடாவில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவரும் வந்தார். "அவ பத்து வருஷமா கொலஸ்ட்ரோல் குளிசை போடுறா எல்லோ? அதுதான் எலும்பை அரிச்சிருக்கு" என்றார். அந்த நாட்களில் எனக்கும் இரண்டு தொடையும் உளையும். வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வந்து மூன்றாம் மாடி ஏறினால் கதிரையைப் பிடித்துக்கொண்டுதான் உட்காருவேன். அம்மாவின் இடுப்பையும் என் தொடையையும் அந்தக் குளிசையையும் நானே ஒன்றாக முடிச்சுப் போட்டேன்.

என் பெறாமகள் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் தேத்தண்ணிக்கு பிஸ்கட் தேடி அந்த டின்னை எடுத்தாள்.

"பெரியம்மா, இதென்ன?"

சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "நீங்கள் கேள்விப்பட்டது பாதிக் கதை" என்று தொடங்கினாள். அவள் சொன்ன மீதிக் கதை எனக்குப் புதிது. 1999இல் எலிகளுக்கு ஸ்டாட்டின் (என் கொலஸ்ட்ரோல் குளிசை அந்த வகைதான்) கொடுத்துப் பார்த்தபோது எலும்பு கூடுதலாக வளர்ந்ததாம். எலும்பு மெலிவுக்குத் தரும் அலென்ட்ரோனேட் என்ற மருந்தும் ஸ்டாட்டினும் உடலில் ஒரே வேதிப் பாதையில்தான் குறுக்கிடுகின்றனவாம். ஸ்டாட்டின் அந்தப் பாதையின் தொடக்கத்தில், மற்றது கொஞ்சம் தள்ளி. அதனால், இதயத்துக்குத் தரும் மருந்தே எலும்பையும் காக்கும் என்று ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. பிறகு 17,000க்கு மேற்பட்டவர்களில் பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாட்டின் என்ற இன்னொரு ஸ்டாட்டினும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்த பெரிய ஆய்வில் எலும்பு முறிவுகளையும் எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. விழுங்கும் ஸ்டாட்டினில் பெரும் பகுதியை ஈரல் எடுத்துக்கொள்கிறது, எலும்புவரை போவது கொஞ்சம்தான் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம்.

"அப்ப அரிக்கும் எண்டது?"

அதற்கும் ஒரு மூலம் இருந்தது. 2019இல் ஒஸ்திரியாவில் வந்த ஆய்வு ஒன்றில், அதிக டோஸ் எடுத்தவர்களிடம் எலும்பு மெலிவு கூடுதலாகவும் குறைந்த டோஸ் எடுத்தவர்களிடம் குறைவாகவும் பதிவாகியிருந்தது. ஆனால் அது இருக்கிற பதிவுகளைப் புரட்டிப் பார்த்த கணக்கு. அதிக டோஸ் தேவைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வருத்தங்களும் உள்ளவர்கள். மருந்துதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கடைசியில் அவள் ஒன்று கேட்டாள்: "நிப்பாட்டினதை டொக்டரிட்டச் சொன்னீங்களா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஒரு தனியார் வைத்தியசாலையில் பொது வைத்திய நிபுணரைச் சனல் பண்ணினேன். எனக்கு 23ஆம் இலக்கம். ஆறு மணிக்கு வருவார் என்றார்கள், அரசாங்க வேலை முடித்து அவர் வந்தபோது எட்டேகால். கிடைப்பது ஐந்து நிமிடம் என்று தெரியும். அதனால் ஒரு துண்டில் மூன்று வரி எழுதிக்கொண்டு போனேன்: குளிசையை நிறுத்தியது, தொடை உளைவு, அம்மாவின் இடுப்பு முறிவு. துண்டில்லாமல் போயிருந்தால் முதல் வரியை நிச்சயம் விழுங்கியிருப்பேன்.

அவர் ஏசவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஒன்பது கிழமை நிறுத்தினீங்களே, உளைவு போனதா?"

நான் அதை யோசித்தே பார்க்கவில்லை. போகவில்லை. அப்படியே இருந்தது. குளிசையால் வந்த தசை நோவு என்றால் பெரும்பாலும் நிறுத்திச் சில கிழமைகளில் குறைந்திருக்க வேண்டும் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: எலும்பு மெலிவது நோகாது. முறியும்வரை ஒரு சத்தமும் போடாது. நோகிறது என்று எலும்பைச் சந்தேகித்தேன், ஆனால் நோவு தசையில். நோகாத இடத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. (எங்கள் ஆட்கள் முழங்கால் மூட்டுத் தேய்வையும் இதையும் சேர்த்து 'எலும்புத் தேய்வு' என்று ஒரே பெயரில் சொல்வதும் இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.)

இரத்தத்தில் கொழுப்பு பார்க்கும் லிப்பிட், தசை பாதிப்பைக் காட்டும் சிகே, தைரொயிட், விட்டமின் டி எல்லாம் எழுதினார். அப்புறம் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன்.

ஸ்கேனுக்கு இரண்டு தடவை போனேன். முதல் நாள் பெயர் பதிந்து ஒரு மணித்தியாலம் இருந்தபின், "காலையில் கல்சியம் குளிசை போட்டீங்களா?" என்று கேட்டார்கள். போட்டிருந்தேன். கரையாத குளிசை வயிற்றில் கிடந்தால் முதுகெலும்புப் படத்தில் விழுந்து கணக்கைக் குழப்பும், முதல் நாளே நிறுத்தியிருக்க வேண்டுமாம். தொலைபேசியில் நேரம் குறித்தபோது இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஓட்டோவுக்குக் கொடுத்த காசுதான் மிச்சம்.

இரண்டாம் நாள் சேலையில் குத்திய ஊசி, கொக்கி எல்லாம் கழற்றி அவர்கள் தந்த உடுப்பை மாற்றினேன். எம்ஆர்ஐ போலக் குகைக்குள் தள்ளுவார்கள் என்று பயந்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. திறந்த கட்டிலில் கால்களை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்துப் படுக்க, ஒரு கை மாதிரிப் பொறி மேலே மெல்ல நகர்ந்தது. பத்துப் பதினைந்து நிமிடம். நோவு இல்லை, ஊசி இல்லை.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது டி-ஸ்கோர் என்ற எண். மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் என்றால் எலும்பு அடர்த்தி குறையத் தொடங்கிவிட்டது. மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒஸ்டியோபொரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். என் இடுப்பு மைனஸ் 1.9, முதுகெலும்பு மைனஸ் 2.6. இரண்டில் மோசமானதைத்தான் கணக்கில் எடுப்பார்களாம்.

சிகேயும் தைரொயிட்டும் சரி. விட்டமின் டி 14. இருபதுக்குக் கீழே என்றால் குறைபாடு. கொழும்பு வெயிலில் இருந்துகொண்டு இதுவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் யோசித்தால், மாடி வீடு, வெளியே போனால் குடை, நடப்பதென்றால் பொழுது சாய்ந்தபின் மரைன் டிரைவில். எங்கே வெயில் படுகிறது? விட்டமின் டி குறைந்தாலும் தசை உளையும், பலமும் குறையும். எல்டிஎல் மறுபடி 176.

அட்டோர்வாஸ்டாட்டினை அதே 20இல் திரும்பத் தொடங்கச் சொன்னார். விட்டமின் டியும் தந்தார். மூன்று மாதத்தில் உளைவு ஏறக்குறைய இல்லாமல் போனது, குளிசையைப் போட்டுக்கொண்டே.

எலும்புக்கு அலென்ட்ரோனேட் 70, கிழமைக்கு ஒன்று. ஆனால் முதலில் பல் வைத்தியரிடம் அனுப்பினார். இந்த மருந்து எடுப்பவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் போவது அரிது, ஆனாலும் நடக்கும். எனக்குப் பிடுங்க வேண்டிய பல் ஒன்று இருந்தது. பிடுங்கி, புண் ஆறியபின்தான் தொடங்கினேன்.

ஞாயிறு காலை எழும்பியதும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய கிளாஸ் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, தேத்தண்ணி கூடாது, பால் கூடாது. படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். வேறு எதையாவது குடித்தால் மருந்து உடம்பில் சேராது. அதனால் கல்சியம் குளிசையை இரவுச் சாப்பாட்டோடு மாற்றிக்கொண்டேன். என் கணவர் எனக்கு முன்னால் இருந்து தேத்தண்ணியை உறிஞ்சும் அந்த அரை மணித்தியாலம்தான் இந்த வைத்தியத்திலேயே கஷ்டமான பகுதி. மற்றபடி குரக்கன் புட்டும் நெத்தலிக் கருவாடும் வீட்டில் முன்பைவிட அடிக்கடி வருகின்றன, குளியலறையில் ஒரு கைபிடியும் சறுக்காத மிதியடியும் வந்திருக்கின்றன.

அடுத்த ஸ்கேன் இரண்டு வருடம் கழித்து, அதே இடத்தில், அதே இயந்திரத்தில். இயந்திரம் மாறினால் எண்களை ஒப்பிடுவது கஷ்டமாம். ஃபைல் மட்டையில் சிவப்புப் பேனையால் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: முதல் நாள் கல்சியம் வேண்டாம்.