மூன்று மில்லிமீட்டர்

ஜூன் 8, 2024, சனி

பேஸ் உகுலேலே வந்துவிட்டது. உகுலேலே அளவுக்குச் சின்னது, ஒலி பேஸ் கிட்டாரைப்போல. இந்த முறை ஃப்ரெட், அதாவது கழுத்தில் சுரத்துக்குச் சுரம் பதிக்கும் உலோகப் பட்டை, இல்லாதது. இரண்டு வருஷமாக ஃப்ரெட் வைத்ததைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். மெல்லிசைக் கச்சேரிக்கு அது போதும். அக்காவின் வயலினோடு உட்காரும்போதுதான் குறை தெரியும். அவள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவாள், நான் படிப்படியாக ஏறிக்கொண்டிருப்பேன்.

கழுத்தின் மேல் கோடு கிடையாது, பக்கவாட்டில் சின்னப் புள்ளிகள் மட்டும். ஸ்கேல் எடுத்து அளந்தேன். கழுத்து முனையில் ஸ்ட்ரிங் தங்கும் நட்டிலிருந்து, உடம்பில் அது தங்கும் பிரிட்ஜ் வரை 20 அங்குலம், அதாவது 508 மி.மீ. முதல் அரைச்சுரம் நட்டிலிருந்து 28.5 மி.மீட்டரில் விழுகிறது. பெரிய பேஸ் கிட்டாரில் இதே தூரம் 48 மி.மீட்டருக்கு மேல். இங்கே விரல் 3 மி.மீ. தள்ளிப்போனால் சுருதி 10 சென்ட் விலகிவிடும். அரைச்சுரமே 100 சென்ட்தான்.

ஜூன் 9, ஞாயிறு

கூடவே வந்தவை கறுப்பு பாலியூரித்தேன் ஸ்ட்ரிங்குகள். கம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. தொட்டால் ரப்பர் குழாய் மாதிரி இருக்கிறது. இந்த யோசனைக்கு முன்னோடி 1980களில் வந்த ஆஷ்பரி பேஸ். 18 அங்குல நீளம், சிலிக்கான் ரப்பர் ஸ்ட்ரிங், அதிலும் ஃப்ரெட் கிடையாது. ஆலன் ஆஷ்வொர்த் ஜோன்ஸ், நைஜல் தார்ன்பரி என்ற இருவர் வடிவமைத்தது. இரண்டு பேரின் பெயரையும் சேர்த்துத்தான் ஆஷ்பரி.

ஒலி அபாரம். ஆம்ப்பில் போட்டதும் ஆள் உயர டபுள் பேஸ் அறைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் வழுக்க முடியவில்லை. விரல் ஒட்டுகிறது. சென்னை வியர்வையில் இன்னும் மோசம். ரப்பர் ஸ்ட்ரிங் வாசிக்கிற பலர் செய்வதுபோல விரல் நுனியில் டால்கம் பவுடர் தொட்டுக்கொண்டேன். ஐந்து நிமிஷம் பட்டுப்போல ஓடியது. பிறகு பவுடரும் வியர்வையும் குழைந்து களிம்பாகிவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தால் பத்து நிமிஷம் தாங்குகிறது.

ஜூன் 12, புதன்

ஸ்ட்ரிங் இன்னும் இழுபடுகிறது. காலையில் சேர்த்த சுருதி சாயங்காலம் கால் சுரம் இறங்கியிருக்கிறது. இழுத்துவிட்டுச் சேர்ப்பதும் மறுபடி இழுப்பதுமாகப் போகிறது பொழுது. இந்த ரகத்துக்கு இது இயல்புதான், பொறுமை வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

அக்கா வந்திருந்தாள். எனக்காக வயலினை 2 கட்டைக்கு, அதாவது டி சுருதிக்கு, இறக்கிச் சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் என் டி ஸ்ட்ரிங் சட்ஜமாகவும், ஏ ஸ்ட்ரிங் பஞ்சமமாகவும் திறந்தபடியே கிடைக்கும். தம்புரா ஆப்பைப் போட்டு மோகனம் ஆரம்பித்தோம்.

காந்தாரத்தில் நின்றேன். புள்ளிக்கு நேரே, பழைய ஃப்ரெட் இருந்திருக்கக்கூடிய அதே இடத்தில். அக்கா வில்லை எடுத்துவிட்டாள்.

"இன்னும் கொஞ்சம் இறக்குடா. தம்புராவே காந்தாரம் பாடுது, அதைக் கேளு."

கேட்டேன். தம்புராவின் சட்ஜத் தந்திக்குள்ளேயே, கூடவே மெல்லக் கேட்கும் மேல்சுரமாகக் காந்தாரம் ஒலிக்கும், சுயம்பு காந்தாரம் என்பார்கள். தெரிந்த விஷயம்தான். அதன்மேல் போய் உட்காரும் வழி என் விரலுக்கு இதுவரை இருந்ததில்லை. ஃப்ரெட் தரும் காந்தாரம் அதைவிடச் சுமார் 14 சென்ட் கூடுதல். மெதுவாக விரலை நட் பக்கம் நகர்த்தினேன். ஓரிடத்தில், இரண்டு சுருதியும் ஒட்டாதபோது கேட்கும் அலையடிப்பு அப்படியே அடங்கியது. விரலை எடுக்காமல் அக்காவிடம் பென்சிலால் குறிக்கச் சொன்னேன். பிறகு அளந்தால் நட்டிலிருந்து 101.5 மி.மீ. ஃப்ரெட் கணக்கில் அது 104.8. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்.

இந்த மூன்று மில்லிமீட்டருக்குத்தான் இத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன் என்று இன்றுதான் புரிந்தது. ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஜூன் 22, சனி

ஒரு வாரமாகத் தேடியும் அந்த இடம் சில நேரம்தான் கிடைக்கிறது. காரணம் என் காது மட்டுமல்ல, ஸ்ட்ரிங்கும்தான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். பாலியூரித்தேனில் அடிச்சுரம் தடிமனாக வருகிறது, மேல்சுரங்கள் சீக்கிரம் அவிந்துபோகின்றன. சுருதி எங்கே இருக்கிறது என்று காது பிடிப்பதற்குள் ஒலியே போய்விடுகிறது. கேட்பவர்களுக்கு என் தவறு தெரியாது. எனக்கும் தெரியாமல் போவதுதான் கஷ்டம். தவறை மூடிவைக்கிற ஸ்ட்ரிங்கில் சுருதி பழக முடியாது.

சாதாரண பேஸ் கிட்டார் ஸ்ட்ரிங்கைப் போடலாமே என்று குழுவில் ஒருவர் கேட்டார். முடியாது. அதே ஸ்ட்ரிங்கை அதே சுருதிக்கு 34 அங்குலத்திலிருந்து 20 அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் இழுவிசை மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். தொளதொளவென்று பலகையில் அடிக்கும். நீளம் குறைந்தால் எடை கூட வேண்டும், அதே சமயம் வளையவும் வேண்டும். அதற்காகத்தான் ரப்பருக்குப் போனார்கள். இன்னொரு வழி, நைலான் நடுவிழைமேல் வெள்ளி பூசிய செம்புக் கம்பி சுற்றியது. உருக்குச் சுற்றுக் கம்பி அளவுக்குப் பலகையை அராவாது. சிங்கப்பூரிலிருந்து வரும் சித்தப்பா மகனிடம் ஒரு செட் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 29, சனி

செட் வந்தது, மாட்டினேன், ஏமாந்தேன். ரப்பருக்காக வெட்டிய நட் பள்ளத்தில் இந்த மெல்லிய ஸ்ட்ரிங் பக்கவாட்டில் ஆடுகிறது. திறந்து மீட்டினால் கிர்ரென்று சத்தம். கிட்டார் சர்வீஸ் செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். எலும்பில் புது நட் அறுத்துத் தருகிறேன் என்றார். "ஃப்ரெட் இல்லாததுக்கு நட் உயரமே இருக்கக்கூடாது தம்பி, ஸ்ட்ரிங்குக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு போனா போதும்" என்று அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்ப்பார், கார்டை நுழைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். ஒரு மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு சுரங்களுக்கு விரலே நோகவில்லை இப்போது.

ஜூலை 7, ஞாயிறு

செம்பு செட் போட்டு ஒரு வாரம். பவுடர் டப்பா அலமாரிக்குப் போய்விட்டது. விரல் தானாக வழுக்குகிறது. வழுக்கும்போது சன்னமாக ஒரு உராய்வுச் சத்தம் வருகிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது. டபுள் பேஸின் கனம் கொஞ்சம் குறைந்தது உண்மை. ஆம்ப்பில் அடி ஒலியைக் கூட்டும் லோவைச் சற்று ஏற்றி ஈடுகட்டுகிறேன். பதிலுக்கு ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே நிற்கிறது என்று பட்டவர்த்தனமாகக் கேட்கிறது. கேட்டுக் கேட்டு முகம் சுருங்குகிறது, விரல் திருந்துகிறது.

கறுப்பு செட்டை ஈரத்துணியால் பவுடர் போகத் துடைத்து, நாலையும் தனித்தனியாகச் சுருட்டி, பழைய நட்டோடு சேர்த்து ஒரு கவரில் போட்டுவைத்தேன். குழுவில் நாட்டுப்புறப் பாட்டு வாசிக்க அந்த 'தும்' சத்தம் வேண்டியிருக்கும்.

சாயங்காலம் அக்கா வந்தாள். மோகனத்தில் காந்தாரத்தை ரிஷபத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்ப் பிடித்தேன். இந்த முறை வில் நிற்கவில்லை.